அளவு ஜாக்கெட்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை ஆறேழு வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு 37 வயது. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. பையன் ஏழாவது படிக்கிறான், பெண் யு.கே.ஜி. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்தரைக்குத்தான் அடுப்படி விளக்கை அணைக்கிறேன். வீட்டு வேலையிலும் ஆபீஸ் வேலையிலும் குறை வைப்பதில்லை. எனக்கென்று ஒன்று செய்ய வேண்டும் என்றால் மட்டும் கை கால் ஓடுவதில்லை. நடக்க ஆரம்பித்தேன், நான்கே நாளில் நின்றுவிட்டது. பதவி உயர்வுத் தேர்வுக்கு வாங்கிய புத்தகம் பிரிக்காமல் கிடக்கிறது. மோட்டிவேஷன் வீடியோக்கள் பார்க்கிறேன். பார்க்கும்போது நாளையிலிருந்து எல்லாம் மாறிவிடும் போல இருக்கிறது. விடிந்தால் ஒன்றுமில்லை.

எல்லோரும் தூங்கிய பிறகு போனில் கேண்டி கிரஷ் விளையாடுகிறேன். சத்தத்தை அணைத்துவிட்டு, போர்வைக்குள். இப்போது 2,140ஆம் லெவல். சில நாள் மணி ஒன்றாகிவிடுகிறது. இதற்கு வருகிற ஆர்வம் மற்றதற்கு ஏன் வரவில்லை என்று என் மேலேயே கோபமாக இருக்கிறது.

இன்னொன்று. மூன்று வருடமாக எனக்கென்று துணி எடுக்கவில்லை. போன தீபாவளிக்குத் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் அவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு மணி நேரத்தில் எடுத்து முடித்தேன். எனக்குப் பார்த்தபோது ட்ரையல் ரூமுக்குள் போய்விட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டது. கொஞ்சம் குறையட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். பழைய சுடிதார்கள் பத்துப் பதினைந்து பீரோவில் அப்படியே இருக்கின்றன. அடுத்த மாதம் தம்பி கல்யாணம். புடவை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்காமல் இரண்டு வாரமாகத் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

ஊக்கம் எங்கிருந்து வரும் அக்கா?

எஸ்., ஸ்ரீரங்கம்

*

அன்புள்ள எஸ்.,

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கேள்வியை ஊக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கண் நின்றது, கடைசியில் இரண்டே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துபோன அந்த ஜாக்கெட்டில். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மதுரைக்காரி. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம் இருக்கிறது. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. சில வருடங்களுக்கு முன்புவரை அந்தச் சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் துணியைக் கொடுத்துவிட்டு, சாமி கும்பிட்டு, கடைத்தெரு வேலையை முடித்துக்கொண்டு வந்தால் சாயங்காலம் ஜாக்கெட் கைக்கு வந்துவிடும். இப்போது அந்தக் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. எங்கள் வீட்டுக்கு அங்கே ஒரு தையல்காரர் இருந்தார், அம்மா காலத்திலிருந்து.

2011இல் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிந்தைய ஒரு வருடத்தில் உடம்பு மாறிப்போனது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால், கண்ணாடியில் முகத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு விசேஷத்துக்காகப் புது மண்டபத்துக்குப் போய், வழக்கம்போல அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து, "இதே அளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆபரேஷனுக்கு முன்பு தைத்த ஜாக்கெட் அது. புதியது வந்தது. கை ஏறவில்லை, ஊக்கு எட்டவில்லை. மறுநாள் கோபமாகப் போய், "பிட்டு துணியை வீணாக்கிவிட்டீர்களே" என்று சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் பழைய ஜாக்கெட்டைப் பலகையில் விரித்து, புதியதை அதன்மேல் வைத்தார். தோள் தோளோடு, கழுத்து கழுத்தோடு, ஓரம் ஓரத்தோடு, ஒரு நூல் பிசகாமல் பொருந்தியது.

"ஜாக்கெட்டுக்கு ஜாக்கெட் சரியாத்தானம்மா இருக்கு. நீங்க குடுத்ததுக்குத் தைச்சிருக்கேன். உங்களுக்குத் தைக்கணும்னா நீங்கள்ல அளவு குடுக்கணும்?"

அவர் குத்திச் சொல்லவில்லை. தொழில் பேசினார். எனக்குத்தான் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்திருப்பார் போல. அடுத்த வரிசையில் தைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார். அந்த அம்மா டேப்பை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, இவர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மார்பு முப்பத்தொன்பதரை. இடுப்பு முப்பத்தாறு. கை சுற்றளவு பதிமூன்று. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பக்கத்திலேயே எனக்கு மேலே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பாவாடை சட்டை அளவும் இருந்தது. இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. என்னைப் பற்றிய எண்களை அவ்வளவு சாதாரணமாக வேறு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அளவு ஜாக்கெட் கொடுக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று அம்மா சொல்வாள். தையல்காரர்கள் ஆண்கள். பெண்கள் உடம்பில் டேப் வைக்க இரண்டு பக்கமும் கூச்சம். அதனால், நன்றாகப் பொருந்துகிற ஒரு ஜாக்கெட்டை எடுத்துவைத்து, அதையே காலமெல்லாம் கொடுத்து வாங்குவது. நல்ல ஏற்பாடுதான். அதில் ஒரே ஒரு சிக்கல். அந்த ஜாக்கெட் இருபத்தாறு வயதிலேயே நின்றுவிடும். அதைக் கொடுத்துவிட்டு வருகிறவள் நின்றிருக்க மாட்டாள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஊக்கம் குறைவாக இருக்கிறது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஐந்து மணிக்கு எழுகிறவர், இரண்டு பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு ஆபீஸ் போகிறவர், மூன்று பேருக்கு ஒரு மணி நேரத்தில் தீபாவளித் துணி எடுக்கிறவர். என்.எஸ்.பி. ரோட்டுத் தீபாவளிக் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குள் புகுந்து ஒரு மணி நேரத்தில் வெளியே வருவது சின்ன வேலையில்லை. உங்கள் பெயரில் இருக்கிற வேலைகள் மட்டும்தான் நிற்கின்றன. அவற்றுக்கு மட்டும் நீங்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறீர்கள்: உடம்பு பழையபடி ஆகட்டும், அப்புறம். துணிக்கு அந்த நிபந்தனையை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறீர்கள். நடைக்கும் தேர்வுக்கும் எழுதவில்லை, ஆனால் இருக்கிறது என்று தோன்றுகிறது. பழைய எஸ். வந்து அவற்றைச் செய்வாள் என்று காத்திருக்கிறீர்கள்.

உங்கள் பையனுக்குத் துணி எடுத்ததை நினைத்துப் பாருங்கள். போன வருடம் 30 எடுத்திருப்பீர்கள், இந்த வருடம் 32. கடைக்காரர் 32ஐ எடுத்துப் போட்டதும் "அட, வளர்ந்துட்டானே" என்று முகம் மலர்ந்திருக்கும். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க" என்றுகூடச் சொல்லியிருப்பீர்கள். நாம் எல்லோரும் சொல்வது. அதே கடையில், அரை மணி நேரம் கழித்து, உங்கள் சைஸ் ஒன்று கூடியிருந்தபோது கையிலிருந்ததை வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள். அவன் எண் கூடியது சாப்பிட்டு வளர்ந்ததால். உங்கள் எண் கூடியது இரண்டு பிள்ளைகளைச் சுமந்து பெற்றதால். ஒன்றுக்குச் சந்தோஷமும் இன்னொன்றுக்கு வெட்கமும் என்று யார் பிரித்துக் கொடுத்தார்கள்?

துணி எடுப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். புடவை யாரிடமும் அளவு கேட்பதில்லை. ஐந்தரை மீட்டர், அதோடு ஜாக்கெட் துணி 80 சென்டிமீட்டர், சிலதில் ஒரு மீட்டர். பதினெட்டு வயதுக்காரியும் அவள் பாட்டியும் அதே ஐந்தரை மீட்டரைத்தான் கட்டுகிறார்கள். நம் அம்மாக்களுக்கு உடம்பு மாறியபோது ஜாக்கெட்டை மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது. சுடிதாரும் குர்த்தியும் வந்த பிறகு காலரில் ஒரு எழுத்து தைத்து வர ஆரம்பித்தது. எம், எல், எக்ஸ்.எல். அந்த எழுத்தை நாம் மருத்துவர் சீட்டு மாதிரி வாசிக்கிறோம்.

அந்த எழுத்துக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை என்பதற்கு ஒரு கதை. அமெரிக்காவில் 1939-40இல் வேளாண்மைத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது, ரெடிமேட் துணிக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று. வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டும்தான் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். அதை அடிப்படையாக வைத்து 1958இல் ஒரு தர அளவு வந்தது. நடைமுறையில் பல பேருக்குப் பொருந்தவில்லை. 1983இல் அதைக் கைவிட்டார்கள். நம் ஊர் நிறுவனங்கள் பலவும் அமெரிக்க, பிரிட்டிஷ் அட்டவணைகளைச் சற்று மாற்றித்தான் இத்தனை காலம் வெட்டித் தைத்துக்கொண்டிருந்தன. இந்தியர்களுக்கென்று ஒரு அளவு வேண்டும் என்று நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் 25,000 பேரை 3டி ஸ்கேனரால் அளக்கும் வேலையைக் கையில் எடுத்ததே அண்மையில்தான். ஆக, ட்ரையல் ரூமில் அந்தக் குர்த்தி உங்களுக்குப் பொருந்தாதபோது, யாரோ எங்கோ போட்ட கணக்கு உங்கள் தோளோடு ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஒரு கடையில் எல் என்பது இன்னொரு கடையில் எக்ஸ்.எல். என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

எனக்கும் ஒரு ட்ரையல் ரூம் உண்டு. பெரிய கடை ஒன்றில், பெயர் வேண்டாம், நான் ஒரு குர்த்தியைத் தொட்டுப் பார்த்தபோதே விற்பனைப் பெண் சொன்னாள்: "அதெல்லாம் உங்க சைஸ்ல வராதுக்கா, பெரிய சைஸ் மேல மாடியில இருக்கு." நான் மேல் மாடிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். பல நாள் அந்தப் பெண் மேல் வருத்தம் இருந்தது. பிறகு 2021இல், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. செய்தியை வாசித்தபோது அவள் ஞாபகம்தான் வந்தது. நான் போனது இரவு எட்டு மணிக்கு. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருப்பாள். இன்னொரு துணியை எடுத்து விரித்து மறுபடி மடிக்க அவள் காலில் தெம்பு இருந்திருக்காது. என் உடம்பைப் பற்றிச் சொன்னாள் என்று நான் வருடக்கணக்கில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அவள் தன் கால்வலியைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறாள் என்று இப்போது நினைக்கிறேன்.

சரி, அந்த விளையாட்டு.

நீங்கள் கூச்சத்தோடு சொன்ன இடத்தில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. 2,140 லெவல் சும்மா வராது. சில லெவலில் இருபது தடவை தோற்றிருப்பீர்கள். தோற்றுவிட்டு மறுநாள் ராத்திரி அதே இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். வீடியோக்காரர்கள் உங்களிடம் இல்லை என்று சொல்கிற அந்த விடாமுயற்சியை நீங்கள் தினமும் போர்வைக்குள் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அங்கே அது ஏன் வருகிறது? விளையாட்டைத் திறந்தால், விட்ட இடத்தில் திறக்கிறது. "1,800ஆம் லெவலில் எவ்வளவு நன்றாக ஆடினீர்கள், முதலில் அப்படி ஆகுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று அது ஒருநாளும் உங்களிடம் சொன்னதில்லை. இன்றைக்கு இருக்கிற நீங்கள் போதும். இத்தனை ஜெல்லியை உடைக்க வேண்டும், இத்தனை தடவை நகர்த்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. மூன்று நிமிடத்தில் வேலை முடிகிறது. நடுவில் மிட்டாய்கள் வரிசையாக உடைந்தால் திரையில் "ஸ்வீட்", "டிவைன்" என்று எழுத்து வருகிறது. சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடுவதால் அந்தக் குரல் உங்களுக்குக் கேட்பதில்லை, எழுத்தை மட்டும் பார்க்கிறீர்கள். அதை நினைத்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. உங்கள் கடிதத்தில் நான்கு பேர் வருகிறார்கள், கணவர், இரண்டு பிள்ளைகள், தம்பி. உங்களுக்கு நன்றாகச் செய்தாய் என்று சொல்கிற ஒருவர் அதில் இல்லை. வீட்டில் சொல்கிறவர்கள் இருந்து நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன். இல்லையென்றால், நாள் முழுக்கக் கிடைக்காத ஒரு சொல்லுக்காகத்தான் மணி ஒன்றுவரை விழித்திருக்கிறீர்கள். அதற்காக உங்கள்மேல் கோபப்பட என்ன இருக்கிறது?

2005இல் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த இருபது நாளும் நான் நோக்கியா 1100இல் பாம்பு விளையாட்டு ஆடினேன். ஐ.சி.யு. வாசலில், சிமென்ட் பெஞ்சில். வேறெதுவும் செய்ய முடியாத இடம் அது. டாக்டர் எப்போது வெளியே வருவார், என்ன சொல்வார் என்று தெரியாது. அந்தப் பாம்பை அதன் வாலில் மோதாமல் திருப்புவது ஒன்றுதான் என் கையில் இருந்தது. சித்தி ஒருத்தி, "அப்பா உள்ள இப்படி இருக்கும்போது இவளுக்கு விளையாட்டு" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. பல வருடம் அதற்காகக் குற்ற உணர்ச்சியோடு இருந்தேன்.

அந்தக் குற்ற உணர்ச்சி எனக்குக் குறைந்தது ஒரு ஆய்வை வாசித்தபோது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் நடத்தியது, 2018இல் வெளிவந்தது. மாணவர்களிடம், "உங்கள் தோற்றத்துக்கு மற்ற மாணவர்கள் மதிப்பெண் போடப்போகிறார்கள்" என்று சொல்லி, முடிவுக்காகக் காத்திருக்கிற நேரத்தில் டெட்ரிஸ் என்ற, விழும் கட்டைகளை அடுக்குகிற விளையாட்டை ஆட வைத்தார்கள். சிலருக்கு அலுப்பூட்டும் அளவுக்கு எளிது, சிலருக்குச் சமாளிக்க முடியாத வேகம், சிலருக்கு ஆடுகிறவரின் திறமையைப் பார்த்து வேகம் மாறிக்கொள்ளும். இந்த மூன்றாவது கூட்டத்தினர்தான் காத்திருந்த நேரத்தை மற்றவர்களைவிட நிம்மதியாகக் கழித்தார்கள். தன் கைக்கு எட்டுகிற ஒரு சவாலில் மூழ்கியிருப்பவருக்கு, தன்னைப் பற்றி வரப்போகும் தீர்ப்பின் பயம் சற்றுக் குறைகிறது. தோற்றத்துக்கு மதிப்பெண்! ட்ரையல் ரூம் கண்ணாடி முன்னால் நாம் காத்திருப்பதும் அதற்குத்தானே.

அதனால் கேண்டி கிரஷை அழித்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது வியாபாரம் என்பதை மறக்க வேண்டாம். ஐந்து உயிர் கொடுக்கிறார்கள், போனால் ஒவ்வொன்றும் திரும்பிவர 30 நிமிடம். அந்த இடைவெளியில்தான் காசு கேட்கிறார்கள். நீங்கள் அந்த இடைவெளியை உங்களுக்குச் சாதகமாக ஆக்கிக்கொள்ளலாம். ஐந்தும் போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று போனை அடுத்த அறையில் சார்ஜ் போட்டுவிடுங்கள். ஐந்து மணிக்கு எழுகிறவருக்கு ஒரு மணிக்குத் தூக்கம் என்றால் நான்கு மணி நேரம். நான்கு மணி நேரம் தூங்குகிற ஒருவருக்குப் புத்தகத்தைப் பிரிக்கத் தோன்றவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை. நீங்கள் சோம்பல் என்று பெயர் வைத்திருப்பதில் பெரும் பகுதி தூக்கக் கடன் என்றுதான் எனக்குப் படுகிறது.

மோட்டிவேஷன் வீடியோக்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அவை எல்லாமே ஒரே வரிசையில் பேசுகின்றன: முதலில் மனதில் தீ பற்ற வேண்டும், பிறகு கால் நடக்கும். மனநல சிகிச்சையில் இதைத் தலைகீழாகப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். 1970களில் பீட்டர் லூவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனச்சோர்வில் இருப்பவர்களிடம் மனம் சரியாகும்வரை காத்திருக்கச் சொல்லாமல், பிடித்த சின்னச் சின்னக் காரியங்களைத் திட்டம் போட்டுச் செய்ய வைத்தார். செய்யச் செய்ய மனம் பின்னால் வந்தது. இன்றைக்கும் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்ற பெயரில் அந்த முறை பயன்பாட்டில் இருக்கிறது. எங்கிருந்து வரும் என்று கேட்டீர்களே, பெரும்பாலும் செய்த காரியத்துக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது. உங்கள் 2,140 லெவலும் அப்படி வந்ததுதான். முதல் லெவலை எந்த வீடியோவும் பார்த்துவிட்டு நீங்கள் தொடங்கியிருக்க மாட்டீர்கள்.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையும் சலிப்பும் வாரக்கணக்கில் நீடித்தால், அதை ஊக்கக் குறைவு என்று நினைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

நடை நான்கு நாளில் நின்றதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. உடம்பு குறைவதற்காக நடந்தீர்கள். நான்காம் நாள் எதுவும் குறைந்திருக்காது. அடுத்த முறை குறைப்பதற்காக நடக்காதீர்கள். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறவருக்கு நடக்க வீதிக்கா பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கூட்டிக்கொண்டு சித்திரை வீதியை ஒரு சுற்று சுற்றுங்கள், அவள் ஓடுகிற ஓட்டத்துக்கு நீங்களும் நடக்க வேண்டியிருக்கும். தேர்வுப் புத்தகம் கல்யாணம் முடியும்வரை அப்படியே இருக்கட்டும். உண்மையாகவே சொல்கிறேன், இந்த மாதம் அதைத் தொட வேண்டாம்.

இந்த மாதத்துக்கு ஒரே வேலை, ஜாக்கெட்.

அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதுதான் இதில் முக்கியம். இப்போது பெண்கள் நடத்தும் தையல் கடைகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. நேரில் போய் நின்று அளவு கொடுங்கள். எண்ணைக் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் கேட்காதீர்கள், அவர் எழுதிக்கொள்ளட்டும். பக்கத்துத் தையலில் உள்ளே துணி விட்டு, இரண்டு மூன்று வரி தையல் போடச் சொல்லுங்கள். எல்லா நல்ல தையல்காரரும் கேட்காமலே செய்வது அது. பிறகு ஒரு வரியைப் பிரித்தால் கொஞ்சம் தளரும், வேண்டுமானால் பிடித்துக்கொள்ளவும் செய்யலாம். என் தையல்காரர் அன்றைக்கு எனக்காகச் செய்ததும் அதுதான். நான் வீணாய்ப்போனது என்று கொண்டுவந்த ஜாக்கெட்டை வாங்கி, உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்து, அக்குளில் ஒரு சின்னத் துண்டு வைத்து, அரை மணி நேரத்தில் நான் போட்டுக்கொள்கிற மாதிரி ஆக்கிக் கொடுத்தார். உடம்பு மாறும் என்று அவர் முதல் தையலிலேயே இடம் விட்டிருந்தார். அந்த ஜாக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

குர்த்தி எடுக்க ஒரு வழி சொல்கிறேன். இப்போது உங்களுக்கு வசதியாக இருக்கிற ஒன்றைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை டேப் வைத்துப் பாருங்கள். 21 இஞ்ச் என்றால் உங்கள் துணி அளவு 42. கைப்பையில் ஒரு டேப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். காலரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், துணியை அளந்து எடுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் போகாதீர்கள், ஒரு புதன்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். யாரும் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்காத ஒரு மத்தியானம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அன்றைக்கு ஒன்றே ஒன்று எடுத்தால் போதும்.

பீரோவில் இருக்கிற சுடிதார்களைத் தூக்கிப்போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பழைய சூட்கேசில் மடித்து வைத்து லாஃப்டில் ஏற்றிவிடுங்கள். காலையில் ஆபீசுக்குக் கிளம்பக் கதவைத் திறக்கும்போது, அந்தப் பதினைந்தும் வரிசையாகத் தொங்கிக்கொண்டு உங்களைப் பார்க்க வேண்டாம். அந்த இடம் காலியாகட்டும். முதலில் இந்தக் கல்யாண ஜாக்கெட் அங்கே தொங்கட்டும்.

லைனிங் துணியை மட்டும் இன்றைக்கு ராத்திரியே தண்ணீரில் நனைத்து, பிழியாமல் கொடியில் போட்டுவிடுங்கள். காட்டன் லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும். நனைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுத்தால்தான் ஜாக்கெட் பிடிக்காமல் இருக்கும். நாளைக் காலையில் காய்ந்திருக்கும், ஆபீஸ் போகிற வழியிலேயே கொடுத்துவிடலாம். புடவை என்ன நிறம் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
அக்கா